எக்ஸ் ஏழா, ஆறா: அல்சூரில் ஒரு கமாண்டர் ஆட்டம்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடிய நாலு பேருக்கு நடுவே வந்த தகராறு இது. கருப்பு டெக் (கார்டுக் கட்டு) ஆடியவர் ஒரு ஸ்பெல், அதாவது மந்திரக் கார்டு, போட்டார். அதன் விலையில் எக்ஸ் இருந்தது, அதாவது போடுபவரே தேர்ந்து சொல்ல வேண்டிய எண். அந்த எக்ஸ் ஆறு என்றார் போட்டவர். ஏழு என்றார்கள் எதிரே இருந்தவர்கள். ஒன்றுதானே என்று விட்டுவிட வழியில்லை. எதிரே இருந்த ஒருவருக்கு மிச்சம் இருந்த லைஃப் சரியாக ஏழு, லைஃப் தீர்ந்தால் ஆட்டத்தைவிட்டு வெளியே.

ஆட்டம் நடந்தது பெங்களூரு அல்சூரில், தமிழ்ச் சங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு நண்பரின் வீட்டு ஹாலில். ஞாயிறு மதியங்களில் அங்கே கூடுவது வழக்கம். ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்ப்பவர்கள் மெட்ரோவில் வந்து அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார்கள். அன்று நான் ஆடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் விதிப் புத்தகத்தை ஊன்றிப் படிக்கிற ஆள் நான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அப்போது சொன்ன தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் இங்கே முழுதாக எழுதுகிறேன். எக்ஸ் உள்ள கார்டுகளில் பலரும் தடுமாறும் இடங்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒரே ஆட்டத்தில் வந்துவிட்டன.

மேசையில் இருந்தவர்கள்

ஆடியது கமாண்டர் வகை ஆட்டம். ஆளுக்கு 100 கார்டு, தொடக்கத்தில் 40 லைஃப். ஆட்களை டெக்கின் நிறத்தை வைத்தே குறிப்பிடுகிறேன். கருப்பு ஆடியவர் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுவார்கள். நீலம் ஆடியவர் ஒரு அக்கா. வெள்ளை ஆடியது கல்லூரியில் படிக்கும் தம்பி. சிவப்பு ஆடியவர் அதிகம் பேசமாட்டார். ஆடும் வரிசையும் இதுதான்: கருப்பு, நீலம், வெள்ளை, சிவப்பு.

தகராறு வந்த நேரத்தில் கருப்புக்கு 19 லைஃப், நீலத்துக்கு 7, வெள்ளைக்கு 6, சிவப்புக்கு 12. கருப்பிடம் பத்து லேண்ட் (பக்கவாட்டில் திருப்பினால் ஒவ்வொன்றும் ஒரு மானா தரும், மானாதான் கார்டுகளின் விலையைக் கட்டும் காசு), பத்தும் டேப் ஆகாமல், அதாவது திருப்பப்படாமல், இருந்தன. நீலத்திடம் நாலு லேண்ட் திறந்திருந்தது. வெள்ளையின் பக்கம் தாலியா, கார்டியன் ஆஃப் திரேபென் நின்றிருந்தாள். 2012இல் வந்த கார்டு அது. அவள் மேசையில் இருக்கும்வரை கிரீச்சர் (அவளைப் போல மேசையில் நிற்கும் உயிரினக் கார்டு) அல்லாத எந்த ஸ்பெல்லுக்கும், யார் போட்டாலும், ஒரு மானா கூடுதலாகக் கட்ட வேண்டும்.

கருப்பு கையில் வைத்திருந்தது எக்சாங்குவினேட். விலை: எக்ஸ், அதோடு இரண்டு கருப்பு மானா. எதிராளிகள் ஒவ்வொருவரும் எக்ஸ் லைஃப் இழப்பார்கள். இழந்த மொத்தமும் போட்டவருக்கு வந்து சேரும். நாலு பேர் ஆட்டத்தில் இது கொடூரமான கார்டு. எக்ஸ் ஏழு என்றால் மூன்று பேரிடமும் ஏழு ஏழாகப் பிடுங்கி 21 லைஃப் ஏற்றிக்கொள்ளலாம்.

நடந்தது

நான் கேட்டபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம்.

கருப்பு கார்டை வைத்தார். "எக்சாங்குவினேட். எக்ஸ் எட்டு."

வெள்ளை: "அண்ணா, தாலியா நிக்கிறா. ஒண்ணு சேர்த்துக் கட்டணும்."

கருப்பு லேண்டுகளைப் பார்த்தார். "ஆமா, சரி. அப்போ மொத்தத்தையும் போட்டுடறேன்." பத்து லேண்டையும் பக்கவாட்டில் திருப்பினார். எண் எதுவும் சொல்லவில்லை.

நீலம்: "இருங்க அண்ணா. சிங்கோபேட். எக்ஸ் ஒண்ணு." மூன்று லேண்ட் திருப்பினார்.

சிங்கோபேட்டின் விலை எக்ஸ், அதோடு ஒரு நீல மானா. எதிராளி எக்ஸ் அளவு மானா கட்டாவிட்டால் அவருடைய ஸ்பெல் கவுண்டர் ஆகும், அதாவது பலிக்காமல் போகும், கிரேவ்யார்டு என்ற கழித்த கார்டுகளின் குவியலுக்குக்கூடப் போகாமல் எக்ஸைல் ஆகி, தனியே ஒதுக்கப்பட்டுவிடும். நீலம் சொன்ன எக்ஸ் ஒன்று, நீல மானா ஒன்று, தாலியாவுக்கு ஒன்று, மூன்று சரி.

கருப்பு: "ஒண்ணுதானே? அப்போ என் எக்ஸ் ஆறு. மிச்சம் ஒண்ணு இந்தா, கட்டிட்டேன்."

வெள்ளை: "அண்ணா, ஏழு இல்லையா அது?"

கருப்பு: "ஏழுன்னு நான் எப்போ தம்பி சொன்னேன்?"

உண்மைதான், அவர் ஏழு என்று சொல்லவே இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எட்டு ஏன் நிற்கவில்லை

முதலில் அந்த எட்டை முடித்துவிடலாம். எட்டும் இரண்டும் பத்து, தாலியாவோடு பதினொன்று. பத்து லேண்டில் பதினொன்று கட்ட முடியாது. கட்ட முடியாத விலைக்கு ஒரு ஸ்பெல்லைப் போட்டால் அது போட்டதாகவே ஆகாது. ஆட்டம் ஒரு படி பின்னால் போகும், கார்டு கைக்குத் திரும்பும், அதற்காகத் திருப்பிய லேண்டுகளையும் நிமிர்த்திக்கொள்ளலாம். அதனால் அந்த நொடியில் கருப்புக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. ஏழுக்குப் போடலாம், ஆறுக்குப் போடலாம், எக்சாங்குவினேட்டே வேண்டாம் என்று வேறொன்று போடலாம். தாலியாவை நினைவூட்டிய தம்பியும் சரியாகத்தான் செய்தார். பெரியவர் சொல்லும்போது சின்னவன் குறுக்கே பேசலாமா என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. விதி விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிக்கல் அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: "மொத்தத்தையும் போட்டுடறேன்."

எண் முதலில், மானா பிறகு

ஒரு ஸ்பெல் போடுவதற்கு விதிப்புத்தகம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கார்டு முதலில் கையிலிருந்து ஸ்டேக்குக்கு, அதாவது போட்ட ஸ்பெல்கள் பலிக்கும்வரை காத்திருக்கும் அடுக்குக்கு, போகும். அடுத்து, எக்ஸ் இருந்தால் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இலக்குகளைத் தேர்ந்தெடுப்பது. பிறகு மொத்த விலையைக் கணக்கிடுவது: அச்சிட்ட விலை, அதோடு கூட்டவேண்டியவை, அதிலிருந்து கழிக்கவேண்டியவை. அந்தத் தொகை அங்கேயே பூட்டப்பட்டுவிடும். அதன் பிறகே லேண்டைத் திருப்பி மானா எடுப்பதும் கட்டுவதும்.

நாம் மேசையில் செய்வது பெரும்பாலும் தலைகீழ். முதலில் லேண்டுகளைத் திருப்புகிறோம், பிறகு எண்ணிப் பார்க்கிறோம், கடைசியில் "அப்போ எக்ஸ் இவ்வளவு" என்கிறோம். சாதாரண நாளில் இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இந்தப் பழக்கம் எக்ஸ் என்றால் கட்டிய மானா என்ற தப்பான எண்ணத்தை மனதில் பதிய வைக்கிறது. எக்ஸ் என்பது சொன்ன எண். கட்டும் மானா அந்த எண்ணிலிருந்து பிறக்கிறது. சீட்டு ஏலத்தில் தள்ளுத்தொகை கேட்கிறவர் வாயால் சொன்ன எண்தான் நிற்கும், பையில் இருக்கும் நோட்டை எண்ணி யாரும் தொகையை முடிவு செய்வதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிவது கூட்டல் கழித்தல் வரும்போது. தாலியா இல்லாத மேசையில் பத்து லேண்டுக்கு எக்சாங்குவினேட்டின் எக்ஸ் எட்டு. தாலியா இருந்தால் ஏழு. கட்டுவது இரண்டு இடத்திலும் பத்துதான். நீல சிவப்பு டெக்குகளில் வரும் கோப்லின் எலெக்ட்ரோமேன்சர் இன்ஸ்டன்ட்டுக்கும் சார்சரிக்கும் (இரண்டும் ஒரு தடவை பலித்து முடிந்துவிடும் ஸ்பெல் வகைகள்) ஒரு மானா குறைக்கும். அதை வைத்துக்கொண்டு எக்ஸும் ஒரு நிற மானாவும் விலையாக உள்ள ஒரு சார்சரியைப் பத்து லேண்டில் போட்டால் எக்ஸ் பத்து சொல்லலாம். பத்தும் ஒன்றும் பதினொன்று, அதில் ஒன்று கழிந்து பத்து. எக்ஸ் பகுதி எந்த நிறத்தாலும் கட்டக்கூடியது என்பதால் கழிவு அதில்தான் போய் விழும். நிறக்குறி போட்ட மானாவை இத்தகைய கழிவு தொடாது.

1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே எக்ஸ் உண்டு. ஃபயர்பால் அதில் பேர்பெற்றது: எக்ஸ், அதோடு ஒரு சிவப்பு. எத்தனை இலக்கை வேண்டுமானாலும் தாக்கலாம், முதல் இலக்குக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா கூடுதல், எக்ஸ் சமமாகப் பிரியும், பின்னம் வந்தால் கீழே தள்ளப்படும். பத்து லேண்ட் இருப்பவர் ஓர் இலக்கைக் குறிவைத்தால் எக்ஸ் ஒன்பது. இரண்டு இலக்கு என்றால் எட்டு, ஆளுக்கு நாலு. மூன்று என்றால் ஏழு, ஆளுக்கு இரண்டு, ஒன்று வீண். எத்தனை பேரை அடிக்கப் போகிறோம் என்று மனதில் முடிவு செய்யாமல் இந்தக் கார்டில் எக்ஸைச் சொல்லவே முடியாது. ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்த இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

ஆறு ஏன் இல்லை

இப்போது கருப்பின் வாதத்துக்கு வருவோம். அதை நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெற்று வாதம் இல்லை.

பத்து லேண்டையும் திருப்பி எக்ஸ் ஆறு என்று சொல்வது விதிப்படி முடியும். ஆறும் இரண்டும் ஒன்றும் ஒன்பது. மீதி ஒரு மானா அவருடைய மானா பூலில், அதாவது எடுத்து இன்னும் கட்டாத மானாவின் கணக்கில், மிதக்கும். அந்தக் கட்டம் முடியும்போது அது காலியாகிவிடும், அதற்குள் செலவழித்துக்கொள்ளலாம். (பழைய நாட்களில் இப்படி மிச்சம் விட்டால் ஒரு மானாவுக்கு ஒரு லைஃப் போகும். மானா பர்ன் என்ற அந்த விதியை 2009இல் எடுத்துவிட்டார்கள்.) ஆகவே பத்தைத் திருப்பியதால் மட்டும் எக்ஸ் ஏழு என்று ஆகிவிடாது. "ஏழுன்னு நான் சொல்லலையே" என்று அவர் கேட்டதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

எண் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. போட்டி ஆட்டங்களுக்கான விதிகளில் இதற்கென்றே ஒரு வழக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்: எக்ஸ் உள்ள ஒன்றை மதிப்பு சொல்லாமல் போட்டால், அந்த நேரம் பூலில் இருக்கும் மானா முழுவதையும் அதற்கே போட்டதாகக் கொள்ளப்படும். அல்சூர் ஹாலில் நடந்தது போட்டி இல்லை, நட்பு ஆட்டம். இருந்தாலும் அந்த வழக்கம் எந்த மேசைக்கும் பொருந்தும், ஏனென்றால் மனிதர்கள் இயல்பாகப் புரிந்துகொள்வதும் அப்படித்தான். "மொத்தத்தையும் போட்டுடறேன்" என்று ஒருவர் சொல்லிப் பத்தையும் திருப்பினால் எதிரே இருப்பவர் ஏழு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

என் தீர்ப்பு: எக்ஸ் ஏழு. கருப்பிடம் மானா மிச்சம் இல்லை. சிங்கோபேட் தீரும்போது, அதாவது அதன் பலன் நடக்கும்போது, ஒன்றைக் கட்ட வழியில்லை.

அதோடு நான் நிறுத்தவில்லை. நீலம் ஏன் ஒன்று என்றார் என்று கருப்பைக் கேட்டேன். இந்த வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. நீலத்திடம் நாலு லேண்ட் இருந்தது. தாலியாவையும் நீல மானாவையும் கழித்தால் அவர் எக்ஸ் இரண்டுவரை போயிருக்கலாம். எதிரே பத்தும் திரும்பிக் கிடந்ததைப் பார்த்துத்தான் ஒன்று போதும் என்று முடிவு செய்தார். பூஜ்யம் போதாது, ஏனென்றால் பூஜ்யத்தை யாரும் எப்போதும் கட்டிவிடலாம். கருப்பு தொடக்கத்திலேயே "எக்ஸ் ஆறு, ஒன்று மிதக்கிறது" என்று சொல்லியிருந்தால் நீலம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு என்றிருப்பார், எக்சாங்குவினேட் அப்போதும் கவுண்டர் ஆகியிருக்கும். கருப்பு கேட்டது தான் ஆறு என்று சொன்ன ஆட்டத்தை அல்ல. தான் ஆறு என்று சொன்னது நீலத்துக்குத் தெரியாத ஓர் ஆட்டத்தை.

நட்பு ஆட்டத்தில் வாபஸ் வாங்க விடுவதை நான் எதிர்ப்பவன் இல்லை. போட்டி விதிகளிலேயேகூட, புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளாத ஒருவர் தன் முடிவை மாற்ற நடுவர் அனுமதிக்கலாம். கருப்பு பத்தையும் திருப்பி, யாரும் வாயைத் திறப்பதற்குள் "இல்ல இல்ல, ஆறு வெச்சுக்கலாம்" என்றிருந்தால் நான் சரி என்றிருப்பேன். நீலத்தின் கார்டு மேசைக்கு வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. கருப்பு அண்ணன் கொஞ்ச நேரம் லேண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சரிதான், ஏழே இருக்கட்டும்" என்றார்.

சிவப்பு பேசினார்

அதுவரை வாயே திறக்காத சிவப்பு அப்போதுதான் கேட்டார்: "அப்போ எக்ஸ் ஏழுன்னு முடிவாயிடுச்சா?" ஆமாம் என்றதும் மூன்று லேண்டைத் திருப்பி ரிவெர்பரேட்டை வைத்தார். ஸ்டேக்கில் இருக்கும் ஓர் இன்ஸ்டன்ட்டையோ சார்சரியையோ நகலெடுக்கும் கார்டு. விலை இரண்டு சிவப்பு, தாலியாவுக்கு ஒன்று. இலக்கு: எக்சாங்குவினேட்.

உடனே கருப்பு கேட்டார்: "நகலுக்கு எக்ஸ் எங்கே இருந்து வரும்? இவன் எக்ஸுக்கு ஒரு மானாகூட கட்டலையே."

எக்ஸ் சொன்ன எண் என்று பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும். ஸ்டேக்கில் இருக்கும் ஸ்பெல்லை நகலெடுக்கும்போது அதைப் போட்டவர் எடுத்த முடிவுகளும் சேர்ந்து நகலாகும். எக்ஸின் மதிப்பு அதில் ஒன்று. ஆகவே நகலின் எக்ஸும் ஏழு. நகலை யாரும் 'போடுவது' இல்லை, அது ஸ்டேக்கில் நேராக உருவாகிறது, அதனால் தாலியாவின் வரி நகலுக்குக் கிடையாது. நகல் சிவப்பின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதில் எழுதியிருக்கும் எதிராளிகள் என்றால் சிவப்பின் எதிராளிகள்.

இப்போது ஸ்டேக்கை அடியிலிருந்து பாருங்கள். எக்சாங்குவினேட், அதன் மேல் சிங்கோபேட், அதற்கும் மேல் ரிவெர்பரேட். ஸ்டேக் மேலிருந்துதான் தீரும். ரிவெர்பரேட் தீர்ந்தது, நகல் சிங்கோபேட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. நகல் தீர்ந்தது: கருப்பு 19இலிருந்து 12, நீலம் 7இலிருந்து 0, வெள்ளை 6இலிருந்து கழித்தல் 1. ஆறு மட்டுமே மிச்சம் இருந்தாலும் வெள்ளை இழந்ததாகக் கணக்காவது ஏழுதான். மொத்தம் 21, சிவப்பு 12இலிருந்து 33.

நீலமும் வெள்ளையும் ஆட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் வெளியேறும்போது அவருக்குச் சொந்தமான கார்டுகள் எல்லாம் அவரோடு போய்விடும், ஸ்டேக்கில் காத்திருப்பவையும் சேர்த்து. ஆகவே சிங்கோபேட் காணாமல் போனது. தாலியாவும் போனாள், ஆனால் கருப்பு ஏற்கனவே கட்டிய வரி திரும்பாது, விலை எப்போதோ பூட்டப்பட்டுவிட்டது. தடுக்க யாரும் இல்லாமல் முதல் எக்சாங்குவினேட் எக்ஸ் ஏழோடு தீர்ந்தது. கருப்புக்கு மிஞ்சிய ஒரே எதிராளி சிவப்பு: 33இலிருந்து 26. கருப்பு 12இலிருந்து மறுபடி 19.

தீர்ப்பு ஆறு என்று போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றே ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். நகல் ஆறோடு தீர்ந்தால் வெள்ளை போவார், நீலம் ஒரு லைஃபோடு நிற்பார், கருப்பு 13, சிவப்பு 30. சிங்கோபேட்டுக்கு ஒன்றைக் கட்டிவிட்டு மூல ஸ்பெல் ஆறோடு தீர்ந்தால் நீலமும் போவார், சிவப்பு 24, கருப்பு 25. இருவர் மட்டும் மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் 19க்கு 26 என்பது 25க்கு 24 ஆகியிருக்கும். நீலம் நேர்மையாகத் தகவல் கிடைத்து இரண்டு என்று சொல்லியிருந்தாலோ மூல ஸ்பெல் கவுண்டர் ஆகி, கருப்பு 13, சிவப்பு 30, நீலம் ஒன்று என்று மூன்று பேர் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஒரே எண் ஒன்று நகர்ந்தால் மேசை முழுக்க நகர்கிறது.

மேசைக்கு வந்த பிறகு எக்ஸ்

மிச்ச ஆட்டத்தில் எக்ஸ் மறுபடி வந்தது. சிவப்பு எட்டு மானாவில் வாக்கிங் பாலிஸ்டாவைப் போட்டார். 2017இல் ஈதர் ரிவோல்ட் தொகுப்பில் வந்த கார்டு. விலையில் இரண்டு எக்ஸ், வேறொன்றும் இல்லை. எக்ஸ் நாலு என்றால் எட்டு கட்ட வேண்டும். நாலு +1/+1 கவுண்டரோடு மேசைக்கு வரும் (இந்தக் கவுண்டர் வேறு, கார்டின் மேல் வைக்கும் குறி, ஒவ்வொன்றும் தாக்கும் வலுவையும் தாங்கும் வலுவையும் ஒன்று கூட்டும்). இரண்டு எக்ஸ் இருந்தால் எக்ஸ் எட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. எண் ஒன்றுதான், கட்டுவதுதான் இரண்டு தடவை.

கருப்பு தன் முறையில் ஃபேட்டல் புஷ் போட்டார். மானா மதிப்பு, அதாவது கார்டில் உள்ள மானா விலையின் மொத்த எண், இரண்டோ அதற்குக் குறைவோ உள்ள கிரீச்சரை அழிக்கும் ஒரு மானா இன்ஸ்டன்ட். அதுவும் அதே தொகுப்பில் வந்ததுதான். சிவப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டு கட்டியிருக்கேன். இது எப்படி ரெண்டுக்குள்ள வரும்?"

வரும். சொன்ன எண்ணுக்கு உயிர் இருப்பது ஸ்டேக்கில் மட்டும்தான். ஸ்டேக்கில் இருந்தவரை பாலிஸ்டாவின் மானா மதிப்பு எட்டு. அந்த நேரத்தில் மதிப்பைப் பார்த்துத் தடுக்கும் கார்டு எதுவானாலும் எட்டு என்றே பார்க்கும். மேசைக்கு இறங்கியதும், கையில் இருக்கும்போதும், கிரேவ்யார்டிலும், டெக்குக்குள்ளும் விலையில் உள்ள எக்ஸ் பூஜ்யம். அதனால் மேசையில் நிற்கும் பாலிஸ்டாவின் மானா மதிப்பு பூஜ்யம். நாலு கவுண்டர்கள் எக்ஸின் நினைவாக நிற்கின்றனவே தவிர எக்ஸ் அங்கே இல்லை. சிவப்பு பதிலுக்கு நாலு கவுண்டரையும் எடுத்து கருப்புக்கு நாலு டேமேஜ் கொடுத்தார். பாலிஸ்டா தானாகவே கிரேவ்யார்டுக்குப் போனது.

அப்போது கருப்புக்கு ஓர் ஆசை வந்தது. கையில் ரீஅனிமேட் இருந்தது: எந்தக் கிரேவ்யார்டிலிருந்தும் ஒரு கிரீச்சரைத் தன் பக்கம் எழுப்பலாம், அதன் மானா மதிப்பு அளவு லைஃப் போகும். பாலிஸ்டாவின் மதிப்பு பூஜ்யம் என்றால் லைஃப் இழப்பே இல்லாமல் எழுப்பலாமே என்றார். எழுப்பலாம். ஆனால் எக்ஸ் பூஜ்யம் என்பதால் கவுண்டர் ஒன்றும் இல்லாமல் 0/0 ஆக வந்து அடுத்த நொடியே செத்துவிடும். வெளியேறிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தம்பிதான் இதைச் சொன்னார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையில் நிற்கும் பாலிஸ்டாவை வேறொரு கிரீச்சர் நகலெடுத்து வந்தாலும் இதே கதிதான். விலை கட்டாமல் இலவசமாகப் போடச் சொல்லும் கார்டுகளிலும் அதே கதை: மானா விலையையே கட்டாதபோது எக்ஸுக்குச் சொல்லக்கூடிய ஒரே எண் பூஜ்யம். ஓம்னிசயன்ஸை மேசையில் வைத்துக்கொண்டு எக்சாங்குவினேட்டை இலவசமாகப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்னாப்காஸ்டர் மேஜ் தரும் ஃப்ளாஷ்பேக் (கிரேவ்யார்டில் கிடக்கும் கார்டை அங்கிருந்தே மறுபடி போடுவது) வேறு மாதிரி. அங்கே கார்டின் மானா விலையையே கட்டுகிறோம், ஆகவே எக்ஸை வேண்டிய அளவுக்குச் சொல்லலாம்.

சொல்லாத எக்ஸ்

கருப்பு ரீஅனிமேட்டைத் தன்னுடைய கிரேவ்யார்டில் கிடந்த கிரே மெர்ச்சன்ட் ஆஃப் ஆஸ்ஃபடல் மேல் போட்டார், ஐந்து லைஃப் கொடுத்து. மெர்ச்சன்ட் மேசைக்கு வரும்போது எதிராளிகள் ஒவ்வொருவரும் எக்ஸ் லைஃப் இழப்பார்கள். பேர் ஒன்றுதான், ஆனால் இந்த எக்ஸின் குணம் வேறு. இது விலையில் இல்லை, கார்டின் வாசகத்தில் இருக்கிறது. கருப்பின் டெவோஷன், அதாவது அவருடைய பக்கம் இருக்கும் கார்டுகளின் விலைகளில் எத்தனை கருப்புக் குறி உண்டோ அத்தனை. யாரும் இதைச் சொல்வதில்லை, தீரும் நொடியில் மேசையைப் பார்த்து எண்ண வேண்டும்.

மெர்ச்சன்ட்டில் இரண்டு குறி, பக்கத்தில் நின்ற வாம்பயர் நைட்ஹாக்கில் இரண்டு. நாலு வரும் என்று கருப்பு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த ஆற்றல் ஸ்டேக்கில் காத்திருந்தபோதே சிவப்பு ஓர் இன்ஸ்டன்ட்டால் மெர்ச்சன்ட்டை எரித்தார். தீரும்போது நைட்ஹாக் மட்டும் நின்றது. எக்ஸ் இரண்டு.

"இதையும் நான் முன்னாடியே சொல்லியிருந்தா நாலு நின்னிருக்குமா?" என்று கருப்பு என்னைக் கேட்டார். இல்லை அண்ணா, இதைச் சொல்வதற்கு இடமே இல்லை என்றேன். சிவப்பு இரண்டு லைஃப் குறைத்துக்கொண்டார், கருப்பு இரண்டு ஏற்றிக்கொண்டார், அடுத்த ஆளின் முறை வந்தது.